கேனில் வருவது — கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒசூர் சிப்காட் பக்கம் குடியிருக்கிறேன். பின்தெருவில் ஓர் அக்கா வீட்டிலேயே பாக்கெட் சாராயம் விற்கிறார். இவர்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? டாஸ்மாக்கை மூடினால் இது ஒழியுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

டாஸ்மாக் கேள்வியை விடுங்கள். 1937 அக்டோபரில் மதுவிலக்கு முதலில் வந்ததே பழைய சேலம் மாவட்டத்தில்தான். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள். கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் பெங்களூரு, ஆனேக்கல், நம் கிருஷ்ணகிரி மாவட்டம் என எல்லைக்கு இருபுறமும் 150 பேருக்கு மேல் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள்.

மனசாட்சி என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. அந்த அக்காவிடம் முதல் கிடையாது. விடிவதற்குள் சரக்கு இறங்கும், ராத்திரி வசூலுக்கு ஆள் வரும். கடனுக்குக் குடித்தவன் சனிக்கிழமை கூலியில் தராவிட்டால் நட்டம் அவளுடையது. டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. சாக்கடை அள்ளுகிறவருக்கு நாற்றம் தாங்க விடியற்காலையிலேயே வேண்டியிருக்கிறது. கேஸ் என்று வந்தால் உள்ளே போவதும் அவள்தான்.

கொல்வது எது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். வெல்ல ஊறலைக் காய்ச்சினால் மெத்தனால் என்ற விஷச் சாராயம் மிகக் கொஞ்சமே வரும். அதற்காக அது உடம்புக்கு நல்லது என்று சொல்லவில்லை. கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்றால் யாரோ ஆலை மெத்தனாலைக் கேனில் கொண்டுவந்து கலந்திருக்கிறான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்ததும் அதுதான். 10 மில்லி கண்ணைப் பறிக்கும், 30 மில்லி ஆளையே முடிக்கும். விரலில் தொட்டுக் கொளுத்தி, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பார்கள். சுத்தப் பேத்தல்! மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். வாசனையிலும் பிரிக்க முடியாது.

குடித்ததும் வெறும் போதைதான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக்க அரை நாள், ஒரு நாள் ஆகும்; கூடவே பிராந்தியும் குடித்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அப்புறம்தான் வாந்தி, வயிற்றுவலி, கண்ணில் புகைமூட்டம். மோர் கொடுத்துப் படுக்க வைப்பதிலும், போலீஸ் கேஸ் ஆகுமோ என்று மறைப்பதிலும் போகிற நேரத்தில்தான் உயிர் போகிறது. ஆஸ்பத்திரியில் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. 'குடித்தேன்' என்று சொன்னால்தானே டாக்டர் அதைத் தொடங்குவார்?

அக்காவிடம் போய் இதைச் சொல்லுங்கள்: யாருக்காவது கண் மங்கினால் உடனே 108, கூடக் குடித்தவர்களையும் ஏற்ற வேண்டும். போலீசுக்கு மனு எழுதத்தான் கை துறுதுறுக்கிறது என்றால், விடியற்காலையில் எழுந்து கேன் இறக்கும் வண்டியின் நம்பரைக் குறித்து எழுதுங்கள்.