கன்சோலுக்கு மானிட்டரா, பெரிய டிவியா? எல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வாளையாறு தொடங்கி மீனாட்சிபுரம் வரை, தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் சோனியின் பிஎஸ்5 கேம் கன்சோல் பற்றியவை, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கொஞ்சம். படிப்பதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து, உட்காரும்போது உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்து திரை வரப்போகும் இடம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவு தெரியாமல் எந்தப் பதிலும் உதவாது.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, என் ரூம் பத்துக்குப் பத்து. கட்டில்ல சாய்ஞ்சு உக்காந்துதான் ஆடுவேன். அப்பா 55 இன்ச் டிவி போடலாம்ங்கறார், நான் 27 இன்ச் மானிட்டர் கேக்கறேன். யார் சொல்றது சரி?

கட்டிலில் இருந்துதான் ஆடுவீர்கள் என்றால் அப்பா சொல்வதுதான் சரி, தம்பி. 55 இன்ச் திரையின் அகலம் கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர். ஐந்தரை அடியிலிருந்து ஏழரை அடிக்குள் உட்கார்ந்தால் அது பார்வையை நன்றாக நிறைக்கும். பத்தடி ரூமில் எதிர்ச் சுவரில் மாட்டினால் உங்கள் தூரம் அதற்குள்தான் வரும். 27 இன்ச்சின் அகலம் 60 சென்டிமீட்டர். அதற்குச் சரியான இடம் இரண்டே முக்கால் அடியிலிருந்து மூன்றரை அடி வரை, அதாவது மேசைக்கு முன்னால் நாற்காலி. ஏழடியில் வைத்தால் படம் சின்னதாகத் தெரிவதோடு போகாது. மேப், தோட்டா எண்ணிக்கை, வசன வரி எல்லாவற்றையும் கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். இப்போதைய கேம்களில் எழுத்து ஏற்கெனவே பொடி.

இரண்டுக்கும் நடுவில் 43 இன்ச் இருக்கிறது. நாலரை அடி முதல் ஆறடி வரை அதற்கு ஏற்ற தூரம். மேசையில் வைத்தால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டிவரும். சின்ன ரூமில் சுவரில் மாட்ட நல்ல அளவு.

கஞ்சிக்கோடு: ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நாலு பேர் ஃபுட்பால் ஆடறோம். ரூம்ல இருக்கற 43 இன்ச் டிவியில பட்டன் அமுக்கினா அரை நொடி கழிச்சுத்தான் பாஸ் போற மாதிரி இருக்கு. மானிட்டர் வாங்கினா சரியாயிடுமாங்க?

காசு போடுவதற்கு முன்னால் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

டிவி, தனக்கு வரும் படத்தை அப்படியே காட்டுவதில்லை. ஒவ்வொரு படத்தையும், அதாவது ஃப்ரேமைப் பிடித்து வைத்துக்கொண்டு புள்ளிகளை நீக்கும், ஓரங்களைக் கூர்மையாக்கும், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே தானாக ஒன்றைச் செய்து செருகும். அந்தச் செருகல்தான் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எம்இஎம்சி. நடு ஃப்ரேமைச் செய்ய அடுத்த ஃப்ரேம் வந்து சேரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். இதெல்லாம் சேர்ந்து, சினிமா பார்க்கிற பிக்சர் மோடில் தாமதம் 60, 80, சில டிவிகளில் 100 மில்லிசெகண்டையும் தாண்டும். கேம் மோட் போட்டால் இந்த வேலைகளெல்லாம் நின்று, பெரும்பாலான டிவிகள் 10 முதல் 20க்குள் வந்துவிடும். நல்ல மானிட்டர் இதைவிடச் சில மில்லிசெகண்ட் குறைவு. 100 பதினைந்தாகக் குறைந்தால் யாருக்கும் தெரியும். 15 எட்டாகக் குறைவது துப்பாக்கிச் சண்டையில் போட்டி போட்டு ஆடுபவருக்குத்தான் தெரியும். ஃபுட்பாலுக்கு அதற்காகச் செலவு வேண்டாம்.

செய்ய வேண்டியது: கன்சோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே எச்டிஎம்ஐ இன்புட்டில் வைத்து பிக்சர் மோடை ‘கேம்’ என்று மாற்றுங்கள். பல டிவிகள் ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனியாக மோடை நினைவில் வைத்திருக்கும், அதனால் செட்டாப் பாக்ஸில் இருக்கும்போது மாற்றினால் பலன் இல்லை. எம்இஎம்சி தனியாக ஆனில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். நடுவில் சவுண்ட்பார் வழியாக எச்டிஎம்ஐ போகிறது என்றால் கன்சோலை நேராக டிவியில் சொருகுங்கள்.

பிறகு இணையம் இல்லாமல் கம்ப்யூட்டரோடு ஒரு மேட்ச் ஆடிப் பாருங்கள். அதில் தாமதம் இல்லாமல் ஆன்லைனில் மட்டும் இருந்தால் குற்றம் நெட்டில். எந்த மானிட்டரும் அதைத் தீர்க்காது. இவ்வளவும் செய்து ஆஃப்லைனிலும் இழுக்கிறது என்றால், கேம் மோடே இல்லாத பழைய டிவியாக இருக்கும். அப்போது மாற்றலாம். நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிறீர்கள், அதனால் டிவியாகவே வாங்குங்கள்.

சித்தூர், பாலக்காடு: 27 இன்ச், 1440பி, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் பார்த்து வச்சிருக்கேன். பட்ஜெட் முப்பதாயிரத்துக்குள்ள. மேசையில வச்சுத்தான் ஆடுவேன். பிஎஸ்5க்கு ஒத்துப்போகுமா, இல்ல 4கேதான் வேணுமா?

ஒத்துப்போகும். 165 என்ற எண்ணை மட்டும் மறந்துவிடுங்கள், பிஎஸ்5 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அனுப்பாது. 1440பி, அதாவது மேலிருந்து கீழ் 1440 வரிசைப் பிக்சல் காட்டும் வசதி அதற்கு 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அதற்கு முன் எழுதிய விமர்சனங்களில் ‘பிஎஸ்5க்கு 1440பி மானிட்டர் வாங்காதே’ என்று இருக்கும். அது இப்போது பொருந்தாது.

கவனம் வைக்க வேண்டிய இடம் மானிட்டரின் பின்பக்கம். 165 என்பது பெரும்பாலும் கம்ப்யூட்டரை மாட்டும் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கான கணக்கு. கன்சோலில் டிஸ்ப்ளேபோர்ட் இல்லை, எச்டிஎம்ஐ மட்டும்தான். ஸ்பெக் ஷீட்டில் எச்டிஎம்ஐக்கு நேராக என்ன ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். எச்டிஎம்ஐ 2.0 இருந்தாலே 1440பியில் 120 ஹெர்ட்ஸுக்குப் போதும். ஆனால் 2.0இல் பிஎஸ்5க்கு விஆர்ஆர் வேலை செய்யாது. ஃப்ரேம் ஏறி இறங்கும்போது திரையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதுதான் விஆர்ஆர். பிஎஸ்5 அதை எச்டிஎம்ஐ 2.1 வழியாக, 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரம்பில் மட்டும் தரும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டும் ஃப்ரீசிங்க் என்ற இதே மாதிரி வசதியையும் ஏற்கும், அதனால் எச்டிஎம்ஐயில் ஃப்ரீசிங்க் தரும் 2.0 மானிட்டரிலும் அவற்றுக்கு அந்த வசதி கிடைக்கும்.

கடைக்காரர் ‘2.1 இருக்கு’ என்று சொன்னால் அங்கேயே நிற்காதீர்கள். 2.1 வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உரியவை. 2.0 அளவு வேகம் உள்ள போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் போட விதி இடம் கொடுக்கிறது. விஆர்ஆர் என்ற சொல் எச்டிஎம்ஐ வரியில் தனியாக இருக்க வேண்டும்.

4கே, அதாவது 2160 வரிசை விஷயம்: உங்கள் பட்ஜெட்டில் வரும் 4கே மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். கதையோடு நிதானமாகப் போகும் கேம்தான் என்றால் அதுவே நல்லது. ஷூட்டர் ஆடுவீர்கள் என்றால் 1440பி 120. 27 இன்ச்சில் 1440பி ஒரு இன்ச்சுக்கு 109 பிக்சல் தரும், மூன்றடியில் அது குறையாகத் தெரியாது. 55 இன்ச் 4கே டிவியே இன்ச்சுக்கு 80தான்.

வேலந்தாவளம்: 55 இன்ச் டிவி பெட்டியில ‘120 ஹெர்ட்ஸ்’னு போட்டிருக்கு, விலையும் கம்மி. எடுத்துடலாமா அண்ணா?

நிறுத்துங்கள். விலை குறைந்த டிவியில் 120 என்று இருந்தால் பக்கத்தில் டிஎல்ஜி என்று இருக்கிறதா பாருங்கள். அது 60 ஹெர்ட்ஸ் பேனல். இரண்டு வரிசைப் பிக்சலை ஒன்றாகச் சேர்த்து ஏற்றி 120 காட்டும், மேலிருந்து கீழான ரெசல்யூஷன் பாதியாகிவிடும். ‘மோஷன் ரேட் 120’, ‘எம்ஆர் 240’ போன்றவை வெறும் விளம்பர எண்கள். அசல் 120 டிவியில் குறைந்தது ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு அருகே ‘4கே 120’ என்று அச்சிட்டிருக்கும், அல்லது மேனுவலில் இருக்கும். பல டிவிகளில் நாலு போர்ட்டில் இரண்டு மட்டுமே அப்படி. அதில் ஒன்று சவுண்ட்பாருக்கான இஆர்க் போர்ட்டாக இருக்கலாம். கன்சோலும் சவுண்ட்பாரும் இருந்தால் இதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

அசல் 120க்குக் காசு போதவில்லை என்றால் நல்ல 60 ஹெர்ட்ஸ் டிவியே போதும். ஃபுட்பால், கிரிக்கெட், கதை கேம்கள் பெரும்பாலும் 60இல்தான் ஓடுகின்றன.

கோவிந்தாபுரம்: புது டிவி 4கே 120தான், ஆனா பிஎஸ்5ல 60தான் வருது. கேபிள் தப்பா?

பிஎஸ்5 பெட்டியோடு வந்த கேபிளா? அப்படியென்றால் கேபிள் சரி. டிவி பக்கம் அந்தப் போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்டை ‘என்ஹான்ஸ்டு’ ஆக்குங்கள். கன்சோலில் ‘ஸ்க்ரீன் அண்ட் வீடியோ’வுக்குள் 120 ஹெர்ட்ஸ் அவுட்புட் ஆட்டோமேட்டிக். கேம் பிரீசெட்டில் பெர்ஃபார்மன்ஸ் மோட். மூன்றில் ஒன்று விட்டாலும் வராது. புது கேபிள் வாங்கினால் ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ முத்திரை இருக்கட்டும், மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும்.

வண்ணாமடை: தம்பி, பையன் மானிட்டர் கேக்கறான். நான் பகல்ல அதிலயே சீரியல் பார்க்க முடியுமா? சத்தம் வருமா?

அக்கா, மானிட்டரில் சேனலைப் பிடிக்கும் டியூனர் இல்லை, பெரும்பாலும் ரிமோட்டும் இல்லை. செட்டாப் பாக்ஸை எச்டிஎம்ஐயில் சொருகலாம், படம் வரும். சத்தம்தான் பிரச்சினை. பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது, இருந்தாலும் சன்னமாக இருக்கும். பின்னால் 3.5 எம்எம் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அதில் சின்ன ஸ்பீக்கர் மாட்ட வேண்டும். பிஎஸ்5இல் சத்தத்தை மட்டும் தனியாக எடுக்கும் ஆப்டிகல் போர்ட்டும் இல்லை, அதனால் அந்த ஓட்டை இல்லாத மானிட்டரைத் தவிருங்கள். பையன் ஆடும்போது ஹெட்போனைக் கன்ட்ரோலரில் சொருகிக்கொள்ளலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே திரை என்றால் கேம் மோட் உள்ள டிவியே வாங்குங்கள்.

பொள்ளாச்சி: 42 இன்ச் ஓஎல்இடி எடுக்கலாம்னு இருக்கேன். பர்ன்-இன் வரும்னு பயமுறுத்தறாங்க.

படத்துக்கும் வேகத்துக்கும் அதற்கு இணை இல்லை. பிக்சல் ஒவ்வொன்றும் தனியாக அணையும், இருட்டு இருட்டாகவே இருக்கும். ஒரே படம் நெடுநேரம் நின்றால் அதன் தடம் திரையில் பதிந்துவிடுவதுதான் பர்ன்-இன். பல கேம்களை மாற்றி மாற்றி ஆடுபவருக்குப் பயம் குறைவு. அடியில் ஓடும் செய்திப் பட்டையும் மூலையில் சேனல் முத்திரையுமாக நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீடுகளுக்கு அது வேண்டாம். அங்கே எல்இடி போதும், முடிந்தால் ஃபுல் அரே லோக்கல் டிம்மிங், அதாவது பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி உள்ளது.

எச்டிஆர் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி. மானிட்டர் பெட்டியில் ‘எச்டிஆர் 400’ என்று இருந்தால் அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லோக்கல் டிம்மிங் இல்லாத பேனலில் எச்டிஆர் போட்டால் படம் வெளுத்துத்தான் போகும். அணைத்துவிட்டு ஆடுங்கள்.

கோபாலபுரம்: ஐப்பசி வந்தா மத்தியானம் மூணு மணிக்கு மேல இடிதான். கரண்டும் ஏறி இறங்குது. ரெண்டுல எதுக்கு ஆபத்து ஜாஸ்தி?

டிவிக்கு. காரணம் அதில் போய்ச் சேரும் வயர்கள். மாடியில் இருக்கும் டிடிஎச் குடையிலிருந்து வரும் வயர் செட்டாப் பாக்ஸுக்கு, அங்கிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு, டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ கன்சோலுக்கு. மின்னல் பக்கத்தில் விழுந்தால் அந்த வழியாகவே வந்து எச்டிஎம்ஐ போர்ட்டுகளைச் சுட்டுவிடும். கரண்ட் பிளக்கை மட்டும் பிடுங்கியவர்களுக்கும் போர்ட் போவது இதனால்தான். வானம் கறுத்தால் பிளக், குடை வயர், லேன் வயர் மூன்றையும் பிடுங்குங்கள். ஸ்பைக் கார்டு சின்ன ஏற்ற இறக்கத்துக்குத்தான், மின்னலுக்கு இல்லை. கன்சோலை மட்டும் மாட்டிய மானிட்டருக்குக் குடை வயரே இல்லை, அந்த ஒரு வழி அடைபடுகிறது.

பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் குறைவதற்குத் தனி ஸ்டெபிலைசர் வேண்டாம், பெரும்பாலான டிவிகளும் பிஎஸ்5உம் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். திடீரென்று கரண்ட் போவதுதான் கெடுதல், சேவ் ஆகிக்கொண்டிருக்கும் ஃபைல் கெட்டுப்போகலாம். பிஎஸ்5 ஆடும்போது சுமார் 200 வாட், 27 இன்ச் மானிட்டர் 30 முதல் 40 வாட். 600 விஏ யூபிஎஸ் தாங்கும், சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். 55 இன்ச் டிவி இன்னும் 100 வாட்டுக்கு மேல் கேட்கும், அதற்கு 1000 விஏ எடுங்கள்.

வாளையாறு: கோயமுத்தூர்ல வாங்கினா லாபமா, பாலக்காட்லயா?

வரியில் வித்தியாசம் இல்லை. 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டியில் இப்போது இரண்டு பக்கமும் ஒரே வரி. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. வித்தியாசம் சீசனில்தான். பாலக்காட்டுக் கடைகளில் பெரிய தள்ளுபடி ஓணத்துக்கு, கோவையில் தீபாவளிக்கு. வாங்குவதற்கு முன் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். எந்த ஊரில் பில் போட்டாலும் சர்வீஸ் உங்கள் பின்கோடுக்கு உரிய சென்டரிலிருந்துதான் வரும். வண்டியில் டிவியைப் படுக்க வைக்காதீர்கள், நிறுத்தியே கொண்டுவர வேண்டும். உடைந்த பேனலுக்கு வாரண்டி இல்லை, புது பேனல் விலை கிட்டத்தட்ட புது டிவி விலை.

மீனாட்சிபுரம்: அல்ட்ராவைடு மானிட்டர் கன்சோலுக்கு ஆகுமா?

ஆகாது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 16:9தான் அனுப்பும். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கும், அல்லது படம் இழுபட்டிருக்கும்.

எருத்தேன்பதி: பொருள் வீட்டுக்கு வந்ததும் என்ன பார்க்கணும்?

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓட்டி, செத்த பிக்சல் இருக்கிறதா பாருங்கள். மாற்றித்தரும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். பிறகு பிஎஸ்5இல் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ திறந்தால் இப்போது என்ன சிக்னல் போகிறது, திரை எதையெல்லாம் ஏற்கும் என்று இருக்கும். மெனுவில் 60 என்று காட்டினால் பதற வேண்டாம். 120 தரும் கேமுக்குள் போய், பிஎஸ் பட்டனை அமுக்கி அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். 4கே 120 எச்டிஆரில் ‘ஒய்யூவி 422’ என்று வரும். பிஎஸ்5 எச்டிஎம்ஐயில் 32 ஜிபிபிஎஸ் வரைதான் அனுப்புவதால் நிறத் தகவலைக் கொஞ்சம் சுருக்குகிறது. டிவியில் கோளாறு இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம்.