ஒற்றை அரக்கன் ஏன் இரண்டு சுற்றில் விழுகிறது?

மட்டக்களப்பில் 5 பேரை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் மேசை விளையாட்டு) நடத்துகிறீர்கள்; எல்லோரும் பழைய ஆட்கள், 7ஆம் மட்டப் பாத்திரங்கள். ட்ரோல் என்ற அரக்கன் தனியாக வந்தால் இரண்டு சுற்றில் செத்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயிர்ப்புள்ளியை மட்டும் கூட்டாதீர்கள். 2014 விதிநூலில் ட்ரோலுக்கு 84 புள்ளி. 120 ஆக்கினால் சண்டை நீளும், கடுமையாகாது. கவச எண்ணை (அடி படுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்) கூட்டுவது அதைவிட மோசம். ஒவ்வொரு புள்ளிக்கும் அடி படும் வாய்ப்பு பொதுவாக 5 சதவீதம் குறையும்; ஆட்கள் வீணான பகடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிக்கல், ஒரு சுற்றில் ஆடக் கிடைக்கும் முறைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது: அவர்களுக்கு ஐந்து, அரக்கனுக்கு ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வேறு இருவரின் முறை முடிந்ததும் அதற்கு ஒரு நகர்வோ ஒரு நகக்கீறலோ கொடுங்கள். கட்டிப்போடும் மந்திரத்தில் சிக்கினால் 20 உயிர்ப்புள்ளி இழந்து உதறிக்கொள்ளட்டும். மந்திரம் போட்டவருக்கும் பலன் கிடைக்கும்.

களம் வாவிக்கரைக் கண்ணாக்காடாக (அலையாத்திக் காடாக) இருக்கட்டும். வேர்களுக்குள் மற்றவர்களுக்குப் பாதி வேகம், ட்ரோலுக்கு முழு வேகம். தோணியோடு ஒரு மீனவர் அகப்பட்டிருந்தால் இன்னும் நல்லது, காப்பாற்றுவதா அடிப்பதா என்று குழு பிரியும்.

ட்ரோலின் காயம் ஆறுவதை நெருப்பும் அமிலமும் நிறுத்தும் என்பது இவர்களுக்கு மனப்பாடம். அதைச் சுண்ணாம்பு என்று மாற்றலாம். ஆனால் சுண்ணாம்பு பூசிய வீடுகளை அது தொடவில்லை என்பது போன்ற இரண்டு தடயங்களாவது சண்டைக்கு முன்பே கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.