டுரியான் பூவுக்கு வலை வேண்டாம் அண்ணே

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் உங்கள் டுரியான் பூவை வௌவால் நாசம் செய்கிறது, காலையில் மரத்தடி முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, வலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். வலையை விடுங்கள். டுரியான் பூ சாயங்காலம் விரியும். விடிவதற்குள் இதழும் மகரந்தத் தாளும் தானாகவே உதிரும். காம்பில் குச்சி மாதிரி நிற்கிறதே, காயாவது அதுதான்.

ராத்திரி வருகிற சின்ன வௌவால் தேன் குடிக்கிற ஜாதி. நாக்கை நீட்டும்போதே முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொள்ளும். பல டுரியான் ரகங்கள் சொந்த மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது. வேறு ரக மரத்துத் தூளைக் கொண்டுவரும் கூலியில்லாத ஆள் இது. மலேசியாவின் தியோமான் தீவில் ஆய்வாளர்கள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பெரிய பழவௌவாலும் மகரந்தம் சேர்க்கிறது என்று 2017இல் ஆய்வு வெளியானது.

பூக்கும் வாரங்களில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வேலியோரம் வாழை, பெத்தாய் (அவரை ஜாதி மரம்) இருக்கட்டும். டுரியான் பூக்காத மாதங்களில் வௌவாலுக்கு அதுதான் சோறு. என் மாமா வாழைப்பூவை ஒன்றுவிடாமல் வெட்டி விற்பார், நாலையாவது விடச் சொல்லி வருஷா வருஷம் சண்டை.

காயை அணில் கடித்தால் அது வேறு கதை. அடிமரத்தில் தகரம் சுற்றுங்கள், பக்கத்து மரக் கிளை தொடாமல் கழித்துவிடுங்கள்.