ராத்திரி பதினொன்றரைக்கும் முழிச்சிருக்கிற பாப்பா

அன்புள்ள அக்கா,

நாங்க பெங்களூர் வைட்ஃபீல்டு பக்கம் ஒரு பெட்ரூம் வீட்ல இருக்கோம். பாப்பாவுக்கு 3 வயசு. அவருக்கு கலிஃபோர்னியா டீம், கால் முடிய ராத்திரி 11 ஆயிடும். நானும் ஐடிதான், மிச்சம் இருக்கிற வேலைய பாப்பா பக்கத்துல படுத்துக்கிட்டே லேப்டாப்ல முடிப்பேன். அவ 11.30க்கு முன்னாடி கண்ண மூடவே மாட்டேங்குறா. 7.30க்கு எழுப்பி கிரச்சுக்கு அனுப்புறோம், அங்க 3லேர்ந்து 5 வரைக்கும் தூங்குறாளாம். ஞாயித்துக்கிழமைன்னா 10 மணி வரைக்கும் எழுந்திரிக்க மாட்டா. தர்மபுரிலேர்ந்து வந்திருந்த அத்தை, "நீங்க ரெண்டு பேரும் ஆந்தை மாதிரி முழிச்சிட்டிருந்தா அது எப்படி தூங்கும்"னு கேட்டுட்டுப் போனாங்க. அதுலேர்ந்து மனசே சரியில்ல. நானும் ஒழுங்கா தூங்கி ரொம்ப நாளாச்சு. எங்களாலதானா இது? கூட வேலை பாக்கிறவங்க தூக்கம் வர்றதுக்குன்னு விக்கிற மெலடோனின் மிட்டாய் வாங்கித் தரேன்றாங்க, குடுக்கலாமா? பேர் போட வேணாம் ப்ளீஸ்.

பேர் போடலம்மா.

அத்தை சொன்னது பாதி சரி. சொன்ன விதம் வேற விஷயம், அத விடுங்க.

மொதல்ல கணக்கு பாத்துருவோம். 3லேர்ந்து 5 வயசு வரைக்கும் பகல் தூக்கத்தையும் சேத்து ஒரு நாளைக்கு 10லேர்ந்து 13 மணி நேரம்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொல்லுச்சு. உங்க பாப்பாவுக்கு ராத்திரி 8, பகல்ல 2, ஆக 10. கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கா, ஆனா விளிம்புல நிக்கிறா. ஞாயித்துக்கிழமை 10 மணி வரைக்கும் தூங்குறான்னா அது சோம்பேறித்தனம் இல்ல, வாரம் பூரா குறைஞ்சத வசூல் பண்றா.

இப்ப உங்க வீட்டு ராத்திரி. மார்ச்லேர்ந்து நவம்பர் வரைக்கும் கலிஃபோர்னியால காலை 9 மணின்னா நமக்கு ராத்திரி 9.30, அப்புறம் அவங்க குளிர்காலத்துக்காக கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சுட்டா 10.30. அதாவது அமெரிக்காக்காரன் முள்ள திருப்புனா வைட்ஃபீல்டுல ஒரு மூணு வயசுக் குழந்தை தூங்குற நேரம் தள்ளிப் போகுது, இதுக்கு எந்த ஹெச்ஆர் பாலிசியும் கிடையாது! ஒரே ரூம்ல படுக்கிறது தப்பே இல்ல, நம்ம ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வளந்தோம், ஆனா அந்த ரூம்ல லைட்டும் பேச்சும் 11 வரைக்கும் ஓடுனா அவளுக்கு ராத்திரி ஆரம்பிக்கிறதே 11க்குத்தான். கொலராடோ பல்கலைக்கழகத்துல 3லேர்ந்து 5 வயசுக் குழந்தைங்கள தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் பளிச்சுனு வெளிச்சத்துல விளையாட விட்டு டெஸ்ட் பண்ணாங்க, 2018ல வந்துச்சு. உடம்புல சுரந்து தூக்கத்த வர வைக்கிற மெலடோனின் ஹார்மோன் கிட்டத்தட்ட 88 சதவீதம் இறங்கிடுச்சாம், லைட்ட அணைச்சு 50 நிமிஷம் ஆகியும் முழுசா ஏறல. உங்க லேப்டாப் அந்த அளவு வெளிச்சம் கிடையாதுதான், சின்ன ஆய்வும்கூட, ஆனாலும் ட்யூப்லைட்டும் அவ மூஞ்சிக்கு நேரா திரையும் வேணாம்.

அதனால நீங்களும் 9.30க்கே தூங்கணுமான்னா, தேவையில்ல. அவ தூங்கிட்டப்புறம் நீங்க முழிச்சிருக்கலாம், அவ தூங்குற வரைக்கும் அந்த ரூம் இருட்டா இருந்தா போதும். அவர் ஹால்ல ஹெட்செட் போட்டுக்கட்டும், உங்க மிச்ச வேலைய கிச்சன் மேடைல வச்சு முடிங்க.

அடுத்தது உங்க தூக்கம். "எங்களாலதானா"ன்னு கேட்டீங்க. 2017ல சுவிட்சர்லாந்து பாசல், இங்கிலாந்து வாரிக் பல்கலைக்கழகக்காரங்க 7லேர்ந்து 12 வயசுப் பிள்ளைங்களோட தூக்கத்த மூளை அலை வச்சே பாத்தாங்க. தூக்கம் வராம கஷ்டப்படுற அம்மாங்களோட பிள்ளைங்க லேட்டா தூங்குனாங்க, ஆழ்ந்த தூக்கமும் குறைவு. அப்பாங்களோட அந்தத் தொடர்பு தெரியல. உடனே எல்லாப் பழியும் அம்மா தலைலன்னு யாராச்சும் கிளம்பினா நம்பாதீங்க, ரெண்டும் சேந்து இருக்குன்னுதான் அது சொல்லுது, இதுனால அதுன்னு சொல்லல, பிள்ளை தூங்காததால அம்மா தூக்கம் கெடுறதும் உண்டுதானே, பரம்பரையும் இருக்கலாம்.

எனக்கு இத விட முக்கியமாப் படுறது ஃபின்லாந்துல துர்கு பல்கலைக்கழகக்காரங்க 2016ல போட்டது. 2லேர்ந்து 6 வயசுப் பிள்ளைங்களுக்கு அசைவ பதிவு பண்ற பட்டை கட்டிவிட்டாங்க, பெத்தவங்க கிட்டயும் எழுதி வாங்குனாங்க. சரியா தூங்காத பெத்தவங்க தங்க பிள்ளைக்கு தூக்கப் பிரச்சினை நிறைய இருக்குன்னு எழுதுனாங்க, ஆனா பட்டைல அது அவ்வளவா தெரியல. களைச்சுப் போன கண்ணுக்கு பிள்ளை புரண்டு படுத்தாலே முழிச்ச மாதிரி இருக்கும் போல. அதனால உங்க நினைப்ப மட்டும் நம்பாம ரெண்டு வாரம் ஒரு நோட்ல அவ தூங்குன நேரம், எழுந்த நேரம், கிரச் தூக்கம் மூணையும் எழுதுங்க. உங்க தூக்கத்தையும் பக்கத்துலயே எழுதுங்க, வாரத்துல ரெண்டு ராத்திரியாவது தூங்க வைக்கிற வேலைய அவர்கிட்ட விட்டுட்டு நீங்க போய்ப் படுங்க. கால் இருக்கேன்னா சனி, ஞாயிறு இருக்குல்ல?

மாத்துறதுன்னா காலைலேர்ந்து ஆரம்பிங்க. ஞாயித்துக்கிழமையும் 8க்கு மேல விடாதீங்க, எழுப்பின உடனே பால்கனி வெயில்ல நிக்க வைங்க. கிரச்ல பேசி தூக்கத்த 1 மணிக்கு மாத்தச் சொல்லுங்க, சாயங்காலம் 5க்கு எழுந்த குழந்தைகிட்ட 9க்கு தூங்குன்னா எப்படி தூங்கும். ராத்திரிப் படுக்கைய ஒரே நாள்ல ரெண்டு மணி நேரம் இழுக்காம சில நாளுக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னாடி கொண்டு வாங்க. குறட்டை விடுறா, வாயத் தொறந்தே தூங்குறான்னா மட்டும் குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க, மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம்.

மெலடோனின் மிட்டாய் வேணாம். அது ஹார்மோன், டாக்டர் சொல்லாம மூணு வயசுக் குழந்தைக்கு குடுக்கக் கூடாது. வாங்கித் தரேன்னவங்ககிட்ட சாக்லேட் கேளுங்க, உங்களுக்கு.