ஊட்டி டப்பாவுல வந்த ஃபட்ஜ்: டயட் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் நாத்தனார் குடும்பம் ஊட்டி போயிட்டு வரும்போது அரை கிலோ வால்நட் ஃபட்ஜ், அதாவது சர்க்கரையும் பாலும் காய்ச்சிப் பண்ற ஸ்வீட், வாங்கிட்டு வந்தாங்க. நான் மூணு மாசமா டயட்ல இருந்து நாலு கிலோ குறைச்சிருக்கேன், வீட்டுக்காரருக்கு சுகர் பார்டர்ல இருக்கு. பால், வெண்ணெய், வால்நட் எல்லாம் சத்துதானேன்னு எல்லாரும் சொல்றாங்க. தினமும் ஒரு துண்டு சாப்பிட்டா தப்பா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: மூணு மாசத்துல நாலு கிலோ ரொம்ப நல்ல வேகம்ங்க, வாழ்த்துகள். ஒரு டப்பா ஸ்வீட்டால அது வீணாப் போயிடாது, பயப்படாதீங்க. ஆனா பாலும் வெண்ணெயும் இருக்கு, அதனால சத்துன்னு சொல்றதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. ஃபட்ஜ்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி சர்க்கரைதான். சாதாரண சாக்லேட் ஃபட்ஜ் 100 கிராம் எடுத்தா சுமார் 410 கலோரி, சர்க்கரை மட்டும் 73 கிராம், கொழுப்பு 10 கிராம், புரதம் ரெண்டரை கிராம் கூட தேறாது. வால்நட் போட்டதுல புரதம் நாலு கிராமைத் தாண்டும், ஆனா கலோரியும் 460 பக்கம் போயிடும். புரதத்துக்காக சாப்பிடுறதா இருந்தா ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ போதும், ஃபட்ஜ்கிட்ட அதை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது "ஒரு துண்டு"ன்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அந்தத் துண்டு எவ்வளவு பெருசுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. கலோரி அட்டவணைகள்ல ஒரு துண்டுன்னா 17 கிராம், அதாவது 70 கலோரி, 12 கிராம் சர்க்கரை. கடையில வெட்டிக் குடுக்குற துண்டை நான் ஒரு தடவை வீட்டு தராசுல வச்சுப் பார்த்தேன், 40 கிராம் இருந்துச்சு. 40 கிராம்னா 160 கலோரிக்கு மேல, சர்க்கரை 29 கிராம், கிட்டத்தட்ட ஏழு டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு, தனியா சேர்க்குற சர்க்கரை 50 கிராமைத் தாண்டவே கூடாது, 25 கிராமுக்குள்ள இருந்தா ரொம்ப நல்லது. நீங்க டயட்ல இருக்கீங்க, 2000-க்கும் கீழதான் சாப்பிடுவீங்க, அப்போ உங்க அளவு இன்னும் குறையும். இதுல காலையில ரெண்டு காபி, சாயங்காலம் ஒரு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா அதுலயே 24 கிராம் முடிஞ்சு போச்சு, ஃபட்ஜ் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடியே.

இவ்வளவு சர்க்கரை இருந்தும் நமக்கு ஏன் தெரியலன்னா, அது செய்யுற விதம் அப்படி. சர்க்கரையையும் பாலையும் சுமார் 115 டிகிரி வரைக்கும் கொதிக்க விட்டு, ஆற வச்சு, அப்புறம் நல்லா அடிச்சு கிளறுவாங்க, அதனால சர்க்கரை ரொம்பப் பொடிப்பொடியா உறையும், நாக்குல நறநறன்னு தட்டாது, வெண்ணெய் வேற வழவழன்னு ஆக்கிடும், மெல்லவே தேவையில்லாம கரைஞ்சு போற பண்டம் எப்பவுமே கணக்கு தெரியாம உள்ள போகும், டிவி பார்த்துக்கிட்டே நாலு துண்டு முடிச்சவங்களை நானே பார்த்திருக்கேன்.

அதனால இப்படிப் பண்ணுங்க. இன்னைக்கே எல்லாத்தையும் 15 கிராம் அளவுக்கு, ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர் எடைக்கு, சின்னச் சின்னதா வெட்டிடுங்க. பாதியை பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுங்க, மீதியை காத்து போகாத டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, ரெண்டு மாசம் தாங்கும். வாரத்துல ரெண்டு நாள், மதிய சாப்பாடு முடிஞ்ச உடனே ஒரு சின்னத் துண்டு, அன்னைக்கு காபியில சர்க்கரை வேண்டாம். வெறும் வயித்துல, சாயங்காலப் பசியில எடுக்காதீங்க, அப்போ ஒண்ணோட நிறுத்தவே முடியாது. வீட்டுக்காரருக்கு வாரம் ஒரு தடவை, அதுவும் பாதித் துண்டு போதும். பார்டர்ங்கறது எந்த டெஸ்ட்ல வந்துச்சுன்னு நீங்க எழுதல, மூணு மாச சராசரி சொல்ற ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4-க்குள்ள இருந்தா அதை பார்டர்னு சொல்லுவாங்க, 6.5 தொட்டா அது சர்க்கரை நோய்க்கான அளவு, உடனே டாக்டரைப் பாருங்க.

கேள்வி: கண்டென்ஸ்டு மில்க்கும் டார்க் சாக்லேட்டும் போட்டு வீட்டுலயே ஃபட்ஜ் பண்றேன், சர்க்கரையே போடுறதில்ல. இது ஹெல்தி தானே? கருப்பட்டி போட்டா இன்னும் நல்லதா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சர்க்கரை போடலைன்னு சொல்ல முடியாதுங்க, கண்டென்ஸ்டு மில்க்லயே பாதிக்கு மேல சர்க்கரைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், பாதிக்குப் பாதி கோகோ இருக்குற டார்க் சாக்லேட் 400 கிராம், வால்நட் 100 கிராம், மொத்தம் 4100 கலோரி வரும். 25 கிராம் வீதம் 36 துண்டு போட்டா ஒண்ணுக்கு 115 கலோரி, சர்க்கரை 11 கிராம். சர்க்கரை காய்ச்சிப் பண்ற ஃபட்ஜ்ல அதே 25 கிராம் துண்டுக்கு 103 கலோரி, சர்க்கரை 18 கிராம். பார்த்தீங்களா, உங்க ஃபட்ஜ்ல சர்க்கரை நிஜமாவே குறையுது, ஆனா சாக்லேட்ல இருக்குற கோகோ பட்டர்ங்கற கொழுப்பாலயும் வால்நட்டாலயும் கலோரி கூடுது. சுகரைப் பத்தி கவலைப்படுறவங்களுக்கு இது கொஞ்சம் தேவலை, எடை குறைக்குறவங்களுக்கு ஒண்ணும் லாபமில்ல.

கருப்பட்டியோட வாசனைக்காக போடுங்க, நானும் போடுவேன். ஆனா ரத்தத்துல சர்க்கரையை ஏத்துற விஷயத்துல கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாம் வெள்ளைச் சர்க்கரைக்கு சொந்தக்காரங்கதான், எல்லாத்துலயும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில இருக்குற அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரைன்னு நம்பி ரெண்டு மடங்கு சாப்பிட்டுட்டு அப்புறம் ரிப்போர்ட்டைப் பார்த்து அழுதவங்க எங்கிட்ட வந்திருக்காங்க, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: அப்பா இன்சுலின் போடுறார். லோ சுகர் வந்தா உதவும்னு சட்டைப் பையில எப்பவும் ஒரு ஃபட்ஜ் துண்டு வச்சுக்கிறார். சரியா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தயவு செஞ்சு இன்னைக்கே மாத்துங்க தம்பி. ஃபட்ஜ்ல கொழுப்பு இருக்கு, கொழுப்பு இருந்தா வயித்துல இருந்து சர்க்கரை மெதுவாத்தான் ரத்தத்துல சேரும். லோ ஆகும்போது நமக்கு வேகம்தான் வேணும். குளுக்கோஸ் பவுடரோ மாத்திரையோ, எதுவா இருந்தாலும் 15 கிராம், இல்லைன்னா மூணு நாலு டீஸ்பூன் சர்க்கரையை தண்ணியில கரைச்சு குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு திரும்பவும் சுகர் பார்க்கணும், 70-க்கு கீழயே இருந்தா இன்னொரு தடவை குடுக்கணும். சரியான பிறகு ரெண்டு இட்லியோ ரெண்டு பிஸ்கட்டோ சாப்பிடச் சொல்லுங்க. நினைவு இல்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், ஒருக்களிச்சு படுக்க வச்சுட்டு உடனே 108-க்கு போன் பண்ணுங்க. வீட்டுல எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும், பேரன் பேத்திங்க உட்பட.

கேள்வி: சுகர் ஃப்ரீ ஃபட்ஜ் எவ்வளவு வேணா சாப்பிடலாமா?

பதில்: கூடாது. நிறைய சுகர் ஃப்ரீ ஸ்வீட்ல சர்க்கரைக்குப் பதிலா மால்டிட்டால்ங்கற இனிப்புப் பொருளைச் சேர்க்குறாங்க, அதுலயும் கிராமுக்கு ரெண்டு கலோரி இருக்கு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏத்தும், அளவு மீறினா வயிறு உப்பி பேதி ஆகும். வெண்ணெய் அப்படியேதான் இருக்கு. லேபிள்ல முதல்ல எழுதியிருக்குற பொருள்தான் அதிகமா இருக்குன்னு அர்த்தம், அதைப் படிச்சுட்டு வாங்குங்க. "ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்"னு இருந்தா அது கோகோ பட்டர் இல்லாத காம்பவுண்ட் சாக்லேட், விலை கம்மியா இருக்கும்.

கேள்வி: ஒன்றரை வயசுக் குழந்தை ஃபட்ஜைப் பார்த்தாலே கை நீட்டுது, கொஞ்சம் குடுக்கலாமா?

பதில்: ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரை சேர்த்த எதுவுமே வேண்டாம்மா, வால்நட் துண்டு தொண்டையில சிக்குற ஆபத்து வேற இருக்கு. மசிச்ச வாழைப்பழம் குடுங்க, டப்பாவை குழந்தை கண்ணுல படாம வைங்க.