குடிக்காதவர் யூரினில் ஆல்கஹால் வருமா?

கேள்வி: என் கணவர் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறார். குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை உண்டு. கம்பெனி சொன்ன லேபில் யூரின் கொடுத்தார். ஆல்கஹால் இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிட்டது. நான்கு நாள் கழித்து இப்போது, ‘உங்கள் செலவில் பிளட் டெஸ்ட் எடுத்து வாருங்கள்’ என்கிறார்கள். எடுக்கலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வேண்டாம், காசுதான் வீண். 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் ஆல்கஹால் குறைந்துகொண்டே போகும். நான்கு நாள் கழித்து மொடாக்குடியருக்கும் பூஜ்யம்தான் வரும். அதைக் காட்டி எதையும் நிரூபிக்க முடியாது.

சந்தேகப்பட வேண்டியது அந்த யூரின் பாட்டிலை. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் குளுக்கோஸ் இறங்கியிருக்கும். கூடவே ஈஸ்ட் தொற்றும் இருந்தால், வெளியே வைத்த பாட்டிலிலேயே அது புளித்து ஆல்கஹால் ஆகிவிடும். தென்னங்கள்ளு இறக்கும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! லேபில் எழுதிக் கேளுங்கள்: மாதிரி எடுத்தது எப்போது, சோதித்தது எப்போது, இடையில் ஃபிரிட்ஜில் இருந்ததா, புளிக்காமலிருக்க சோடியம் ஃபுளோரைடு சேர்த்தார்களா?

மீதி மாதிரி இருந்தால் எத்தில் குளுக்குரோனைடு, எத்தில் சல்பேட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குடித்த ஆல்கஹாலை உடம்பு செரிக்கும்போது உண்டாகும் பொருட்கள் இவை. குடித்தபின் இரண்டு மூன்று நாள் வரை சிறுநீரில் தெரியும். முதலாவதைக் கிருமித் தொற்று கூட்டவும் குறைக்கவும் செய்யலாம், அதனால்தான் இரண்டும் வேண்டும். சின்ன லேப்கள் இதை வெளியூருக்கு அனுப்பித்தான் செய்யும். பணம் கட்டும் முன் எங்கே அனுப்புகிறார்கள், அந்த லேபின் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரத்தில் இந்த டெஸ்ட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொன்று, அவர் அரிஷ்டம் (புளிக்கவைத்த ஆயுர்வேத மருந்து) ஏதும் குடிக்கிறாரா? அதில் இருப்பது நிஜ ஆல்கஹால், இந்த டெஸ்டிலும் காட்டும். குடித்தால் கம்பெனியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: பாலக்காட்டில் விபத்து. அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் என் தம்பிக்கு எடுத்த டெஸ்டில் ஆல்கஹால் 33 என்று இருக்கிறது. குடித்து ஓட்டினார் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கார் ரிப்பேர் பணத்தை மறுக்கிறது. வழக்கைக் கேரளத்தில்தான் போட வேண்டுமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் அந்த 33 எதில் என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு சொல்லும் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஆஸ்பத்திரி லேபில் பெரும்பாலும் சோதிப்பது ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை. அதில் தண்ணீர் அதிகம், எண் சராசரியாக 15 சதவீதம் கூடுதலாக வரும். அப்படியானால் உங்கள் 33, முழு ரத்தக் கணக்கில் 29-க்குப் பக்கம். ஆளுக்கு ஆள் இது மாறும் என்பதால் வெற்றி நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாதாட நல்ல இடம். ரத்தம் எடுக்க ஊசி குத்தும் முன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா, சோதித்த முறை என்சைமா கேஸ் குரோமட்டோகிராபியா என்பதும் பேசும். பலத்த காயத்தில் ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருள் ஏறியிருந்தால் என்சைம் முறை சிலசமயம் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

பாலக்காட்டுக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கோவை ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பாலிசிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரீமியம் அவ்வளவு வராது. இரண்டு வருடத்துக்குள் போடுங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன். அப்புறம், மாதிரி எடுத்த நேரம், சீரமா ரத்தமா, என்ன முறை என்ற விவரங்களோடு ஆஸ்பத்திரியிடம் ரிப்போர்ட்டின் சான்றிட்ட நகல் இப்போதே வாங்கி வையுங்கள்.