தமாரின் காசும் புளியும்

அன்புள்ள ஐயா,
ஏலத்தில் ஒரு ஜார்ஜியச் செப்புக் காசு வாங்கினேன். தமார் அரசி, 1187 என்றார்கள். ஒரு பக்கம் ஜார்ஜிய எழுத்து, மறுபக்கம் முழுக்க அரபி. உருவமோ உடைத்த வெல்லத்துண்டு. போலியா? கிறித்தவ அரசி சுல்தானுக்கு அடங்கியிருந்தாளா? புளி போட்டுத் தேய்க்கலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேய்க்காதீர்கள். அது குத்துவிளக்கல்ல. எண்ணூறு ஆண்டுக் களிம்பில்தான் எழுத்தின் விளிம்பே நிற்கிறது. புளி களிம்பைக் கரைத்தால் எழுத்தும் போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள், தினம் நீரை மாற்றுங்கள், இளகிய மண்ணை மரக்குச்சியால் மட்டும் தள்ளுங்கள். வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்பப் பூத்தால் உப்பு உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். ஈரம் படாமல் வையுங்கள்.

போலியா என்பதைக் கையில் வாங்கிப் பார்க்காமல் சொல்வதற்கில்லை. கோணலை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். கிடைத்த செப்புத்துண்டில் அச்சை அடித்தார்கள். சந்தையில் எடைபோட்டு வாங்கினார்கள்.

அடங்கியிருந்தாளாம்! அரபி எழுத்தைக் கண்டதும் மண்டியிட்ட அரசியைக் கற்பனை செய்வது சோம்பேறித்தனம். வாசித்தால் தெரியும்: ‘மாபெரும் அரசி, உலகுக்கும் சமயத்துக்கும் மாட்சி, ஜியோர்கியின் மகள் தமார், மெசியாவின் துணை.’ பட்டத்தின் வார்ப்பு சுல்தான்களுடையது, கடைசிச் சொல்லோ கிறிஸ்துவினுடையது. பாட்டன் தெமெத்ரேயின் காசில் கலீபா பெயரும் சுல்தான் பெயரும் உண்டு. பேத்தி காசில் இல்லை. அடக்கத்தைத் தேடுவதானால் பெயரில் தேட வேண்டும், லிபியில் அல்ல.

இன்னொன்று. அயல் வாடையை அரபிப் பக்கத்திலேயே முகர்கிறீர்களே, ஜார்ஜியப் பக்கத்தைப் படித்தீர்களா? நடுவில் தமாரின் கையொப்பம். சுற்றிலும், ‘கடவுளின் பெயரால் இவ்வெள்ளி அடிக்கப்பட்டது, கோரோனிகோன் 407.’ கோரோனிகோன் என்பது ஜார்ஜிய ஆண்டுக் கணக்கு. திர்ஹம் என்ற இஸ்லாமிய வெள்ளிக்காசின் வாசகத்தை அப்படியே ஜார்ஜியத்தில் சொல்கிறது! வெள்ளிக்குப் பஞ்சம் வந்து செம்பில் அடித்தபோதும் ‘வெள்ளி’ என்ற சொல்லை விடவில்லை. தந்தை மூன்றாம் ஜியோர்கியின் 1174ஆம் ஆண்டுக் காசையும் பாருங்கள்: தலையில் பைசாந்தியக் கிரீடம், கீழைநாட்டு உடை, சம்மணமிட்ட இருப்பு, கையில் வல்லூறு. இதில் எது யாருடையது என்று பங்கு பிரித்துக் கணக்கெழுதுவது வீண். அத்தனையும் அவனுடைய அரசுக் கோலம்.

ஆண்டை நீங்களே சரிபார்க்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். எண்ணாக நிற்பவை இரண்டு ஜார்ஜிய எழுத்துகள்: ‘உ’ 400, ‘ஸ’ 7. கூட்டினால் 407. அதை அப்படியே கி.பி. என்று எடுத்துக்கொள்ளாமல் 780ஐச் சேருங்கள், 1187 வரும். துண்டு சிறியதென்றால் அச்சின் ஓரம் வெளியே விழுந்து எழுத்து இரண்டும் தவறியிருக்கும். அப்போதும் புளி உதவாது.